குடை நுனியும் விரல் நுனியும்

"மேடம், ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிக்கும் அப்பாக்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். ஃபீஸ் பற்றிய பேச்சாக இருக்கும். இல்லையென்றால் எதிர்வீட்டுப் பையன் பியானோவில் ஐந்தாவது கிரேடு பரீட்சை முடித்துவிட்டான், நம்ம பெண் ஏன் இன்னும் மூன்றாவதிலேயே நிற்கிறாள் என்பதாக இருக்கும். இந்த அப்பா கேட்டது இரண்டும் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒன்றரை வருஷம் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. சனிக்கிழமை சாயங்கால வகுப்பு. அப்பா வாசலோரம் பிரம்பு நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். ஆபீஸ் வேலையில் மூழ்கியிருக்கிறார், நம் பேச்சு காதில் விழாது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் வழக்கமான பல்லவியைத்தான் பாடினேன்: "குத்தாதேம்மா. கீயைத் தடவிக்கொடு. அழுத்தின பிறகும் விரலை லேசா ஆட்டிக்கிட்டே இரு, அப்பதான் நோட் பாடும்." வகுப்பு முடிந்து செருப்பை மாட்டும்போது அவர் கேட்டார். "கீயை அழுத்தியாச்சு, சத்தமும் வந்தாச்சு. அதுக்கப்புறம் விரல் ஆடினா என்ன, ஆடாட்டி என்ன மேடம்? எங்க வீட்டு டிஜிட்டல் பியானோவுல ஒரு கீக்கு ஒரே ஒரு நம்பர்தான் போகுது. ஒண்ணுலேர்ந்து நூத்தி இருபத்தேழு வரைக்கும். எவ்வளவு வேகமா அழுத்தினோம்ங்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். தடவினோமா குத்தினோமான்னு தெரியாது."

"அது டிஜிட்டல் சார். இது நிஜ பியானோ" என்றேன். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்திருக்கும்.

"சரி, இதுக்குள்ள மட்டும் வேற என்ன போகுது?"

பதில் வரவில்லை. "அதெல்லாம் வாசிக்க வாசிக்கத்தான் சார் புரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பாட்டு வாத்தியார்கள் தங்களுக்குத் தெரியாததைச் சொல்லும் விதம் அது.

அன்று ராத்திரி பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரே கீயைத் தடவியும் குத்தியும் பார்த்தேன். வித்தியாசம் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய மிஸ். எட்டு வயதில் அவரிடம் போனேன். என் விரலின் மேல் தன் விரலை வைத்து, கீயை அழுத்தி, அடியிலேயே பிடித்துக்கொண்டு, மாவு பிசைவது போல முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவார். பவுடர் வாசனையும் அந்த விரலின் சூடும் இன்றைக்கும் நினைவிருக்கின்றன. ஸ்வரம் பாடியதா என்று மட்டும் நினைவில்லை. அந்த ஆட்டத்தை அப்படியே இருபத்திரண்டு வருஷமாக மற்ற பிள்ளைகளின் விரலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

கையில் இல்லாத மூன்று மில்லிமீட்டர்

என் பியானோ பழைய அப்ரைட், அலமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும் வகை. கப்பலேறி இந்த வெயிலுக்கு வரப்போகிறது என்று தெரிந்தே செய்தது. மூட்டுகளில் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகுகள் முடுக்கியிருக்கும். அப்படியிருந்தும் நவம்பர் மழைக்கு அதற்கு ஜன்னி கண்டுவிடும். மரமும் உள்ளே இருக்கும் கம்பளி ஃபெல்ட்டும் ஈரம் குடித்து உப்பி, அழுத்திய கீ எழும்பாது. அதற்காகக் கீழ்ப்பலகைக்குப் பின்னால் ஒரு நாற்பது வாட் பல்பு எரியவிடுவேன், குஞ்சு பொரிக்க வைத்த முட்டைக்கு விடுவதுபோல. அந்துருண்டை தனி. எலிக்கு ஃபெல்ட் என்றால் அல்வா. இத்தனைக்கும் மேலே, மழைக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கல் கழிந்து ஒரு தடவை சுருதி சேர்க்க டியூனர் வருவார். ராயபுரத்துக்காரர், எழுபது தாண்டியவர். பேச்சு குறைவு, காபி நிறைய.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவர் வந்தபோது முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். உள்ளே இருநூற்று முப்பது தந்தி போல இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பதினெட்டு, இருபது டன். அதை இரும்புச் சட்டம் ஒன்று சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். பரீட்சைக்குப் படித்தது. பேச்சுவாக்கில் அந்த அப்பாவின் கேள்வியை அவரிடம் எடுத்தேன், அவராவது என் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கையில்.

அவர் வாதாடவில்லை. "வாங்கம்மா, இங்க உக்காருங்க. ஒரு கீயை அழுத்துங்க. மெதுவா. அவ்ளோ வேகம் வாணாம். இன்னும் மெதுவா." அழுத்தினேன். உள்ளே ஹேமர், அதாவது தந்தியை அடிக்கும் குட்டிச் சுத்தியல், தந்தியை நோக்கி நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். தந்தியைத் தொட மயிரிழைதான் பாக்கி என்னும்போது 'டிக்' என்று ஏதோ விலகியது விரலுக்குத் தெரிந்தது. ஹேமர் தந்தியைத் தொடாமலே பின்னால் சாய்ந்துவிட்டது. கீ அடிவரை போய்விட்டது. சத்தமே இல்லை.

"பாத்தீங்களா? கடைசி ரெண்டு, மூணு மில்லி அது தனியாத்தான் போகுது. நம்ம கையில இல்ல. வேகமா அழுத்தினா அந்த வேகத்துல தானாப் பறந்துபோய் அடிச்சிட்டுத் திரும்பிடும்." திருப்புளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உண்டிவில்லுல கல்லை விட்டப்புறம் கையை ஆட்டி என்னம்மா புண்ணியம்?"

நாற்பது வருஷமாக வாசிக்கிறேன். ஸ்கேல், ஆர்ப்பெஜியோ, ஸோனாட்டா எல்லாம் இந்தக் கீகளின் மேல்தான். அந்த இடைவெளியை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இன்னும் ஏழெட்டு கீகளை அப்படியே மெதுவாக அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தந்திக்குப் பக்கம் வரை போய், என்னை விட்டுவிட்டு, தன்பாட்டுக்குத் திரும்பியது. அவர் காபி ஆறுகிறது என்று சொல்லும் வரை அதையே செய்துகொண்டிருந்தேன்.

பிறகு யோசித்தபோது புரிந்தது, பியானோ பியானோவானதே அந்த 'டிக்'கினால்தான். இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் ஆட்சியிலிருந்த மெடிசி குடும்பத்து இசைக்கருவிகளைப் பராமரித்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700 வாக்கில் கண்டுபிடித்தது அதைத்தான். அவர் கையால் செய்தவற்றில் மூன்றுதான் இன்று மிச்சம். 1720இல் செய்தது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்த கீ வைத்த கருவிகளில் ஹார்ப்சிகார்ட் தந்தியைக் கிள்ளும். எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். இன்னொன்று கிளாவிகார்ட். அதில் கீயின் மறுமுனையில் உள்ள பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டு, விரல் எடுக்கும்வரை தொட்டபடியே இருக்கும். அதனால் விரலை ஆட்டினால் ஸ்வரம் நிஜமாகவே ஆடும். ஜெர்மானியர்கள் அதற்கு 'பேபுங்' என்று பெயரே வைத்திருந்தார்கள். இசைமேதை பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இம்மானுவேலுக்கு உயிரான கருவி அது. ஆனால் கிளாவிகார்டின் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. சத்தம் பெரிதாக வேண்டுமென்றால் ஹேமர் ஓங்கி அடிக்க வேண்டும். அடித்த ஹேமர் தந்தி மேலேயே உட்கார்ந்திருந்தால் தந்தி அதிராது. ஆகவே அடித்ததும் விலக வேண்டும், விலக வேண்டுமென்றால் விரலின் பிடியிலிருந்து முன்கூட்டியே கழன்றாக வேண்டும். சத்தத்தைக் கொடுத்து, பிடியை வாங்கிக்கொண்டார் கிறிஸ்தோஃபோரி.

பெரம்பூர் மிஸ்ஸின் அந்த விரலாட்டம் எங்கோ கிளாவிகார்டு காலத்து ஞாபகம், கைமாறிக் கைமாறி ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை வந்து சேர்ந்தது என்பது என் ஊகம். அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

குடையை எடுத்தேன்

ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் 1930களிலேயே இதை எழுதிவைத்துவிட்டார்: ஒற்றை ஸ்வரம் என்று வந்துவிட்டால், ஒரே வேகத்தில் அழுத்தும்வரை, அழுத்துவது மகா வித்வானின் விரலா குடையின் நுனியா என்று பியானோவுக்குத் தெரியாது. இதைப் படித்த அடுத்த வாரம் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தேன். நாலு பேரைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கவைத்துவிட்டு, பியானோவின் நடுவில் இருக்கும் ஸி ஸ்வரத்தை, அதாவது நடு ஸியை, ஒரு தரம் விரலாலும் ஒரு தரம் குடையாலும் மாற்றி மாற்றி அழுத்தினேன். என் வீட்டு நீளக் குடை, நுனியில் பிளாஸ்டிக் மூடி போட்டது. மூன்று பேர் கண்டபடி உளறினார்கள். விரலைக் குடை என்றார்கள், குடையைப் "பெரிய ஆர்டிஸ்ட் மாதிரி இருக்கு மிஸ்" என்றார்கள். நாலாவது பையன் மட்டும் பத்துக்குப் பத்து. ஒரு நிமிஷம் எனக்கு ஜென்மம் சாபல்யம் ஆனது போல இருந்தது. எப்படிடா கண்டுபிடித்தாய் என்றால், "குடைன்னா கீ மேல 'டொக்'னு படுது மிஸ்" என்றான்.

அவன் சொன்னதும் உண்மைதான். உயரத்திலிருந்து ஓங்கி விழும் விரலுக்கும் அந்த 'டொக்' உண்டு. கீயில் படும் சத்தம் தந்தியின் சத்தத்துக்கு ஒரு நொடித்துணுக்கு முந்திக்கொண்டு வருகிறது, ஸ்வரம் கரடாகக் கேட்கிறது. குத்தாதே என்று பிள்ளைகளிடம் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆட்டுவதற்கு? ஒரு நியாயமும் இல்லை.

சில நாள் எரிச்சலாகவே இருந்தது. தொடுகையின் ரகசியம் என்று சொல்லிச் சொல்லித்தானே எங்கள் பிழைப்பே நடக்கிறது. வகுப்பில் வாயைத் திறக்கவே கூச்சமாகிவிட்டது. 'தடவு' என்று நாக்கு நுனிவரை வரும், முழுங்கிவிடுவேன். அந்தப் பெண்ணைச் சில வாரம் பாட்டி கூட்டிவருவார். வீணை வாசித்தவர். நான் படும் பாட்டைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்களுக்கு மீட்டினதுக்கு அப்புறம்தாம்மா வேலையே. ஒரு மீட்டுக்குள்ள இழுத்து இழுத்து நாலு ஸ்வரம் எடுத்துடலாம். உங்களுக்கு மீட்டினா போச்சு. பாவம்."

அந்தப் 'பாவம்' என்னை என்னவோ செய்தது. போச்சு என்றால் எங்கே போகிறது? மின்விசிறியை நிறுத்திவிட்டு, நடு ஸிக்கு மேலே இருக்கும் பி ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினைந்தைத் தாண்டியும் ஒரு இழை மிச்சம் இருந்தது. முதலில் சட்டென்று பாதிக்கு மேல் இறங்கி, பிறகு நத்தை மாதிரி ஊர்ந்து, எங்கே நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்வரத்தை முழுசாக, அது ஓயும்வரை, நான் கேட்டதில்லை. அடுத்ததை எப்போது அழுத்துவது என்ற எண்ணிக்கையிலேயே இருந்திருக்கிறேன்.

அப்பாவின் கணக்கு ஒரு ஸ்வரத்துக்குச் சரி. இரண்டாவது ஸ்வரம் வந்ததும் விஷயம் வேறாகிவிடுகிறது. இரண்டாவதை எவ்வளவு வேகத்தில் அழுத்துவது என்பதை முதலாவதின் மிச்சம்தான் சொல்ல வேண்டும். முதலாவதின் கீயை எப்போது விடுவது, விரலை வெடுக்கென்று எடுப்பதா, தந்தியின் அதிர்வை அடக்கும் டாம்பர் அதன் மேல் பதமாக வந்து உட்காரும்படி எடுப்பதா என்பதும் கையில்தான் இருக்கிறது. அடிக்கும் ஹேமர் நம் பிடியில் இல்லை. அணைக்கும் டாம்பர் கடைசிவரை நம் பிடியில் இருக்கிறது. அழுத்துவதைப் பற்றியே இருபத்திரண்டு வருஷம் பேசியிருக்கிறேன். எடுப்பதைப் பற்றிப் பேசியது பெடல் பாடத்தில் ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

பியும் ஸியும்

அந்தப் பெண் அப்போது போலந்து இசையமைப்பாளர் ஷோபனின் ஈ மைனர் ப்ரெலூட் என்ற குட்டிப் பாட்டின் மேல் பைத்தியமாக இருந்தாள். பரீட்சைக்கு அல்ல, எங்கேயோ கேட்டுவிட்டு அவளாகக் கேட்டுவந்தது. 1839இல் வெளிவந்த அவருடைய இருபத்து நான்கு ப்ரெலூடுகளில் நாலாவது. மொத்தமே இருபத்தைந்து பார், அதாவது நாலு எண்ணிக்கைத் தாளக் கட்டம். இடது கை கார்டுகளை, அதாவது சேர்ந்தடிக்கும் ஸ்வரக் கொத்துகளை, துடிப்பு மாதிரி அடித்துக்கொண்டே அரை அரை ஸ்வரமாகக் கீழே வழுக்கிப் போகும். வலது கைக்கு வேலையே இல்லை என்பது போல இருக்கும்: மூன்று எண்ணிக்கைக்கு ஒரு பி, ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸி. மறுபடி பி, மறுபடி ஸி. விரல் சுலபம் என்பதால் குழந்தைகள் வந்து விழும் படுகுழி இது.

அவளும் விழுந்தாள். பி அழகாக வந்தது. மூன்று எண்ணிக்கை கழித்து ஸி வந்தபோது, தூங்குகிறவரை யாரோ தோளில் தட்டியது போல இருந்தது. இரண்டையும் ஒரே அளவில்தான் அழுத்தினாள், தப்பே இல்லை. ஆனால் மூன்று எண்ணிக்கையில் பி தேய்ந்து சுண்டிப்போய்விட்டதே. தேய்ந்துபோன பியின் பக்கத்தில் முழு ஸி வந்து நின்றால் கத்துகிற மாதிரித்தானே கேட்கும்? "தடவு" என்று சொல்லியிருக்க வேண்டிய இடம். சொல்லவில்லை. "பியை அழுத்திட்டு எண்ணாதே. அது எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கேளு. ஸியை அந்த அளவுக்கு வை. இடது கை அந்த மிச்சத்துக்கும் கீழ இருக்கணும்" என்றேன்.

"எவ்ளோ மிச்சம்னு எப்படி மிஸ் தெரியும்?"

"கேட்டாத் தெரியும்."

முதல் நாள் வரவில்லை. இடது கையை அடக்கினால் வலது கையும் சேர்ந்து அடங்கிவிடும். வலது கையை எழுப்பினால் இடதும் எழுந்துகொள்ளும். நாலாவது வாரம் ஒரே ஒரு இடத்தில் வந்தது: ஸி எப்போது தொடங்கியது என்றே தெரியாமல், பி தானாக ஒரு படி ஏறி மறுபடி இறங்கியது போல. அவளுக்கே தெரிந்துவிட்டது, கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டி சொன்ன அந்த இழுப்பு பியானோவில் கிடையாது. கிடையாது என்பதைக் காது மறக்கிற ஒரு கணம் மட்டும் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அப்பா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். வீட்டு டிஜிட்டல் பியானோவில் அவள் வாசித்ததைப் பதிந்து, நம்பர்களை வரிசையாக எடுத்திருந்தார். முதல் வாரம் பியும் ஸியும் அறுபத்து சொச்சத்தில் தோளோடு தோள் நின்றன. இப்போது பி அறுபதை ஒட்டி, ஸி நாற்பதுக்குக் கீழே. "நீங்க சொல்றது நம்பர்லயே தெரியுது மேடம்" என்றார். என்னை மடக்க வந்த கணக்கு எனக்கே சாட்சி சொல்கிறதா, அல்லது அவர் சொன்னதுதான் ஜெயித்ததா என்று எனக்குப் புரியவில்லை. காபி கொடுத்தேன்.

இந்த ப்ரெலூடைப் பற்றி ஒரு சங்கதி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. 1849 அக்டோபர் 30 அன்று பாரிஸ் மடலேன் தேவாலயத்தில் நடந்த ஷோபனின் இறுதிச் சடங்கில் இதை வாசித்தார்கள், ஆர்கனில். ஆர்கனில் ஸ்வரம் தேயாது. விரல் இருக்கும்வரை அப்படியே நிற்கும். தேய்கிற பியை நம்பி எழுதிய பாட்டு, தேயவே தெரியாத கருவியில். அவ்வளவு பெரிய தேவாலயத்தில் வேறு வழியும் இருந்திருக்காது. பெரிய அரங்குகளைவிட வரவேற்பறைகளை விரும்பியவர் அவர், சன்னமாக வாசிப்பவர் என்று பெயர் எடுத்தவர். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் அந்த மிச்சமெல்லாம் காதில் விழுந்திருக்கும். நம் ஊர் அரங்குகளில் ஏசி இரைச்சலுக்கு மேலே எது கேட்குமோ அதை மட்டும் வாசி என்று சொல்ல எனக்கு எப்போதாவது தோன்றுவதுண்டு.

வருஷா வருஷம் என் மாணவர்களுக்கு ஒரு சின்ன நிகழ்ச்சி வைப்பேன். இந்த முறை ஒரு பள்ளி அரங்கம், அங்கே ஒரு பழைய பேபி கிராண்ட் பியானோ, அறுபது எழுபது பேர். முந்தின நாளே டியூனர் வந்து, "மேல ரெண்டு ஆக்டேவ் நம்பாதீங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார். இவள் ஏழாவதாக வந்தாள். பியும் ஸியும் எல்லா இடத்திலும் சேர்ந்தன என்று சொல்ல மாட்டேன். நடுவில் பாட்டு வெடிக்கும் இடத்தில் இடது கை ஓடிவிட்டது, ஒரு கார்டு தப்பு. பிறகு தணிந்து தணிந்து இருபத்து மூன்றாவது பாருக்கு வந்தாள். அங்கே ஒரு கார்டு முடியாமல் அந்தரத்தில் தொங்கும். அதற்குப் பிறகு ஷோபன் ஒரு மௌனம் எழுதி, அதன் தலையில் நிறுத்தக்குறியும் போட்டிருக்கிறார். எவ்வளவு நேரம் என்பது வாசிப்பவர் பாடு. அதற்கப்புறம்தான் அடிக்குரலில் மூன்று கார்டுகள்.

மௌனத்தில் கையை மேலே எடுத்தாள். கைதட்டல் கிளம்பிவிட்டது. ஆரம்பித்தவர் அவள் அப்பா. அவர் தட்ட, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, மேடையோரம் நின்ற எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவள் எழுந்து வணக்கம் சொல்லிவிடுவாள், அல்லது பயந்து மூன்று கார்டையும் கைதட்டலுக்குள்ளேயே போட்டுப் புதைத்துவிடுவாள். இரண்டும் செய்யவில்லை. எடுத்த கையை எடுத்தபடியே வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் பி தேய்வதைக் கேட்கும்போது தலை சாயும் அதே கோணம். பின்வரிசையில் யாரோ புரிந்துகொண்டு நிறுத்தினார்கள். கைதட்டல் ஓட்டை விழுந்து, பொத்தல் பொத்தலாகி, கடைசியில் ஒரு ஆள் தட்டி, அதுவும் நின்றது. ஏசி சத்தம் மட்டும் இருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம் அந்த ஏசி சத்தத்துக்கு ஒரு நூல் மேலே முதல் கார்டை வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவதைப் பிடித்தபடியே இருந்தாள், விரல் அசையவில்லை.

இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. அப்பா இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, தட்டலாமா என்று கேட்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார்.